பெயர் தங்கிய களம், அசைவு தங்கிய கல்

கீரப்பாளையம் பக்கமிருந்து சிதம்பரத்துக்குள் வருகிறவர்கள் மேலக்கோபுர வாசல் வழியாகக் கோயிலுக்குள் நுழைந்தால், இருபுறச் சுவரிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு கட்டங்களில் பெண்கள் ஆடிக்கொண்டிருப்பதைக் காண்பார்கள். கூட வரும் பிள்ளைகள் அதைப் பார்த்து, “இது ஜிம்னாஸ்டிக்ஸ்தானே?” என்று கேட்பதுண்டு. “இல்லை, இது நாட்டியம், இதன் பெயர் கரணம்” என்று பெரியவர்கள் திருத்துவார்கள். திருத்தம் சரியானதே. ஆனாலும் பிள்ளைகளின் கேள்வியில் பெரியவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைத் தொடர்ந்து சென்று பார்க்க இரண்டு பொருள்களை எதிரெதிரே வைக்கிறேன். ஒன்று, 1896 ஏப்ரலில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அந்நகரின் பளிங்கு அரங்கில் நடந்த ஆண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி. மற்றொன்று, தில்லை என்னும் சிதம்பரத்தின் கோபுர வாசல்களில் உள்ள 108 கரணங்கள்.

முதலில் கண்ணில் படும் ஒற்றுமையை விரைவில் கடந்துவிடலாம். லதாவிருச்சிகத்தில் ஒரு கால் முதுகுக்குப் பின்னால் தேள்கொடுக்காக வளைந்து எழுகிறது. வரிசையில் கடைசியான கங்காவதரணத்தில் கைகள் தரையில் ஊன்றியிருக்க, கால்கள் மேலே போய்விடுகின்றன. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரும் முதுகை வளைக்கிறார், தலைகீழாக நிற்கிறார். இதைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லப் புறப்பட்டவர்கள் உண்டு. மனித முதுகெலும்பு எந்த நாட்டிலும் ஒரே விதமாகத்தான் வளையும். உருவம் ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது.

உறவு வேறிடத்தில் இருக்கிறது. உடம்பின் ஓர் அசைவு நிகழ்ந்த கணத்திலேயே மறைந்துவிடுகிறது. மறைந்ததை எப்படிப் பிடித்து வைப்பது, இன்னோர் அசைவோடு எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கல் இரண்டு இடங்களிலும் எழுந்தது. ஏதென்ஸ் அதற்கு ஒரு விடை சொன்னது. தில்லை அதற்கு நேர் எதிரான விடையைச் சொன்னது.

ஏதென்ஸ் விடையைப் பார்ப்போம். குறுக்குக் கம்பியில் முதலிடம் பெற்றவர் ஜெர்மனியின் ஹெர்மன் வைன்கார்ட்னர். இணைகம்பிகளில் அவருடைய தோழர் ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ. கைப்பிடி வைத்த குதிரையில் சுவிட்சர்லாந்தின் லூயி சுட்டர். வளையங்களில் கிரேக்கர் இயோன்னிஸ் மித்ரோபுலோஸ். குதிரை தாண்டலில் கார்ல் ஷூமான். பெயர்கள் இப்படித் துல்லியமாக இருக்கின்றன. பெயர்களோடு வாழ்க்கையும் இருக்கிறது: வைன்கார்ட்னர் 1919இல் ஓடர் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். யூதரான ஃப்ளாட்டோ 1942இல் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் மாண்டார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் குஸ்தாவ் ஃப்ளாட்டோவும் அதே ஏதென்ஸ் அணியில் ஆடியவர். அவர் அதே முகாமில் 1945இல் மாண்டார். ஆனால் வைன்கார்ட்னர் அந்தக் கம்பியில் என்ன செய்தார்? எப்படித் தொங்கினார், எத்தனை முறை சுழன்றார், எப்படி இறங்கினார்? பதிவு இல்லை. நடுவர்கள் இட்ட மதிப்பெண்களும் எஞ்சவில்லை. சில போட்டிகளில் மூன்றாவதாக வந்தவர் யார் என்பதுகூடப் பட்டியலில் காலியாக இருக்கிறது. வைன்கார்ட்னர் எப்படி இறந்தார் என்பது எழுதப்பட்டிருக்கிறது, எதற்காகப் பரிசு பெற்றார் என்பது எழுதப்படவில்லை.

தில்லையில் எல்லாம் தலைகீழ். கை எங்கே, கால் எங்கே, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் தெளிவாக உள்ளது. கீழக்கோபுரத்திலும் மேலக்கோபுரத்திலும் உருவத்தை ஒட்டியே நாட்டிய சாஸ்திரத்தின் உரிய சுலோகமும் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. படமும் விளக்கமும் ஒருங்கே இருப்பதால், ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்தும் எந்த அசைவு எது என்று ஆய்வாளர்களால் அடையாளம் காண முடிந்தது. 1914ஆம் ஆண்டின் சென்னைக் கல்வெட்டு அறிக்கையில் இவை படங்களாக வெளிவந்தன. 1926இல் பரோடாவில் அச்சான நாட்டிய சாஸ்திரப் பதிப்பும் தன் விளக்கப்படங்களுக்கு இந்தச் சுவர்களைத்தான் நாடியது. ஆனால் இந்த அசைவுகளைச் சிற்பியின் முன் ஆடிக் காட்டிய பெண்கள் யார்? ஒருத்தியின் பெயர்கூட இல்லை. வடக்குக் கோபுரத்தில் கட்டடக் கலைஞர்கள் சிலருடைய உருவங்கள் அவரவர் பெயரோடு நிற்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த இல்லாமை இன்னும் உறைக்கிறது. பெயர் வெட்டத் தெரியாத ஊரல்ல இது. கல் எடுத்தவருக்குப் பெயர் கிடைத்தது, கால் எடுத்தவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆக, ஏதென்ஸ் ஆளை வைத்துக்கொண்டு அசைவை விட்டது. தில்லை அசைவை வைத்துக்கொண்டு ஆளை விட்டது. தற்செயலாக நேர்ந்த மறதி என்று இதைச் சொல்ல மாட்டேன். போட்டி என்பது “யார்” என்ற கேள்விக்கு விடை காணக் கூட்டப்படுவது. சாஸ்திரம் “எது” என்ற கேள்விக்கு விடையாக எழுதப்படுவது. இரண்டும் தாம் கேட்ட கேள்விக்கான விடையை மட்டும் பத்திரப்படுத்தின.

ஏதென்ஸில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அன்றைய ஜிம்னாஸ்டிக்ஸில் கயிறேறுதலும் ஒரு போட்டி. 14 மீட்டர் கயிறு. அதன் உச்சியைத் தொட்டவர்கள் இருவரே, இருவரும் கிரேக்கர். நிகோலாஸ் ஆந்திரியகோபுலோஸ் 23.4 நொடியில் ஏறினார். இரண்டாமவர் தோமஸ் செனாகிஸ். மற்றவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள். எட்டுப் போட்டிகளில் இந்த ஒன்றில்தான் நடந்ததை இன்றும் நம்மால் மனத்தில் ஓட்டிப் பார்க்க முடிகிறது. அளக்கத்தக்க ஒன்று இருந்ததுதான் காரணம். கோகுலாஷ்டமி உறியடியன்று நம் ஊர்களில் நடும் வழுக்குமரத்துக்கும் இந்தக் கயிற்றுக்கும் இந்த வகையில் ஒரே இயல்பு. உச்சியில் முடிப்பு, கீழே ஆட்கள்; தொட்டவன் வென்றான், நடுவர் தேவையில்லை. வேறுபாடும் சுவையானது. கயிறு ஏறுகிறவனுக்குப் பிடி கொடுக்கிறது, எண்ணெய் தடவிய மரம் பிடியைப் பறிக்கிறது. கயிற்றில் ஒருவன் தனியே ஏறுகிறான், மரத்திலோ ஒருவன் தோளில் இன்னொருவன் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குமேல் சுற்றி நிற்பவர்கள் தண்ணீரை வேறு வீசுகிறார்கள். பார்வையாளர் போட்டியாளரைத் தடுப்பதற்கு விதியிலேயே இடம் தரும் போட்டி ஐரோப்பாவில் எத்தனை இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

கயிற்றைத் தவிர்த்த மற்றப் போட்டிகளுக்குத் திரும்புவோம். அங்கே அளவுகோல் இல்லை, கண்கள்தான் இருந்தன. கண் கண்டதை நிறுத்தி வைக்க அன்று இருந்த கருவிகளில் ஒன்று ஒளிப்படக்காரர் ஆல்பர்ட் மேயரின் கேமரா. இணைகம்பிகளில் ஜெர்மன் அணி ஆடுவதை அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. அந்தப் படத்தில் ஓட்டம் இல்லை, ஒரு நிலை மட்டும் இருக்கிறது. கோபுரச் சிற்பமும் அப்படியே: தொடங்கி முடியும் ஓர் அசைவின் நடுவிலிருந்து ஒரு கணத்தை மட்டும் உளி எடுத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் இரண்டு பக்கத்திலும் ஒரே தவறு நிகழ வாய்ப்புண்டு, தில்லைப் பக்கத்தில் அது நிகழவும் செய்தது. கரணங்கள் அசையாத நிலைகள் என்று நீண்ட காலம் கருதப்பட்டன. 1936இல் வெளிவந்த ‘தாண்டவ லட்சணம்’ நூல் சிதம்பரச் சிற்பங்களையும் சுலோகங்களையும் இணைத்துப் பெரும் தொண்டு செய்தது. ஆயினும் படித்தவர்கள் மனத்தில் படிந்தது நின்ற கோலமே. கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து இயங்கும் ஓர் ஓட்டம், சிற்பம் அதன் ஒரு துளி என்று வாதிட்டவர் பத்மா சுப்ரமணியம். அந்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் தந்தது கோயிலிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கரணச் சிற்பங்கள் உள்ள தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு கரணத்தின் ஒரு கணமும் சிதம்பரத்தில் அதே கரணத்தின் வேறு கணமும் செதுக்கப்பட்டிருக்கலாம் என்ற அவருடைய பார்வை, ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றிய சிற்பங்களை ஒரே ஓட்டத்தின் இரு புள்ளிகளாக்கிவிட்டது. மேயரின் படத்துக்கு அப்படி ஓர் ஆய்வாளர் வாய்க்க வழியில்லை. அதற்குக் கீழே சுலோகம் எதுவும் எழுதப்படவில்லையே.

இனி எதிர்பாராத உறவு ஒன்று. கரணங்கள் எங்கெல்லாம் பயன்படும் என்று நாட்டிய சாஸ்திரம் சொல்லும் இடத்தில் நாட்டியம் மட்டும் இல்லை. போரும், மற்போரும், மேடையில் நடக்கும் நடையும் சேர்ந்தே வருகின்றன. நம் நாட்டிய மேடைகள் இந்த இரண்டாம், மூன்றாம் பயன்களை ஏறக்குறைய மறந்துவிட்டன. இப்போது ஏதென்ஸுக்குப் போவோம். குதிரை தாண்டலில் வென்ற கார்ல் ஷூமான் அதே விளையாட்டு விழாவில் மல்யுத்தத்திலும் இறங்கினார். முதலில் பளுதூக்கும் வீரர் லான்ஸ்டன் எலியட்டை வீழ்த்தினார். இறுதியில் கிரேக்கர் கியோர்கியோஸ் ட்ஸிட்டாஸுடன் மோதியபோது இருட்டிவிட, மறுநாள் தொடர்ந்து அவரையும் வென்றார். அந்த எலியட்டும் கயிறேறுதலில் கலந்துகொண்டவர்தான். உடம்பை ஆளும் கலை ஒன்றே, அது ஆடலாகவும் மோதலாகவும் வெளிப்படும் என்ற எண்ணம் இரு பக்கமும் இயல்பாக இருந்திருக்கிறது. மல்லர்களின் பயிற்சிக்கென எழுந்து, இன்று நம் பக்கத்து விழுப்புரத்தில் பிள்ளைகள் ஆர்வமாகக் கற்கும் மல்லர்கம்பமும் இதற்குச் சாட்சி. ஆடலும் மோதலும் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்தது பிற்காலத்து ஏற்பாடு.

போட்டி என்பது ஏதென்ஸின் தனிச்சொத்து, தில்லைக்கு அது அந்நியம் என்று இதுவரை சொன்னதிலிருந்து யாரேனும் முடிவு கட்டினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். தில்லையின் பழைய கதை ஒன்றே ஓர் ஆடல் போட்டிதான். காளியும் சிவனும் ஆடுகிறார்கள். தோற்றவர் ஊர் எல்லைக்குப் போக வேண்டும். ஒருவர் ஆடியதை மற்றவர் சளைக்காமல் ஆட, கடைசியில் சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கிவிடுகிறார். காளி தூக்கவில்லை. அவளால் முடியாதது அல்ல அது. சபையில் பெண் அப்படிக் கால் தூக்குவதற்கு நாணினாள் என்பதே கதை. எல்லையில் தில்லைக்காளி கோயில், உள்ளே நிருத்த சபையில் ஊர்த்துவ தாண்டவ மூர்த்தி. (திருவாலங்காட்டுக்காரர்கள் இந்தப் போட்டி தங்கள் ஊரில் நடந்தது என்பார்கள். போட்டியை நடத்தும் உரிமைக்காக ஊர்கள் போட்டியிடுவது ஒலிம்பிக்குக்கும் பொதுவான வழக்கம்.)

இந்தக் கதையை ஜிம்னாஸ்டிக்ஸ் கண்ணால் பார்த்தால் அதில் முழுமையான போட்டி விதி ஒன்று தெரிகிறது. இருவரும் சமமாக ஆடும்வரை முடிவு இல்லை. ஒருவர் செய்து மற்றவர் செய்யாத ஒரு கடினமான அசைவு வந்ததும் முடிவு வந்துவிடுகிறது. செய்யாததற்குக் காரணம் என்ன என்று நடுவர் கேட்பதில்லை. ஏதென்ஸிலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. அணிகளுக்கான குறுக்குக் கம்பிப் போட்டியில் ஜெர்மன் அணி வென்றது. எதிர்த்து ஆட வேறு அணி வரவில்லை. எதிரி ஆட மறுத்ததால் ஒரு வெற்றி, எதிரியே வராததால் ஒரு வெற்றி. இரண்டையும் வெற்றி என்றுதான் ஏடுகள் சொல்கின்றன.

கதையில் இன்னொரு மடிப்பு இருக்கிறது. காலை நெற்றிவரை தூக்கும் அந்த அசைவு கரண வரிசையில் லலாடதிலகம். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் கரணங்களை ஆடுவது நான்கு கைச் சிவனே. சிதம்பரத்தில் ஆடுவதோ பெண்கள், லலாடதிலகத்திலும் ஒரு பெண்தான். காளி எந்த ஊரில் எந்த அசைவைச் செய்ய நாணித் தோற்றாளோ, அந்த ஊரின் கோபுர வாசலிலேயே, போகிறவர் வருகிறவர் எல்லோரும் காண, பெயரில்லாத ஒரு பெண் அதைச் செய்து நிற்கிறாள். சிற்பிக்கு இந்த முரண் தெரிந்திருந்ததா என்று கேட்பதில் பயனில்லை. கதை சொன்னவர்களும் கல் செதுக்கியவர்களும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள் என்பது போதும். ஏதென்ஸில் இந்தக் கேள்வியே எழவில்லை, ஆடியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆட 1928வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போட்டியின் மீது ஐயம் கொண்டவர்கள் ஐரோப்பாவிலும் இருந்தார்கள், அதுவும் ஜிம்னாஸ்டிக்ஸுக்குள்ளேயே. ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துக்கு ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பச் சம்மதமில்லை. ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸின் முன்னோடியான யான் என்பவர் 1811இல் பெர்லினின் ஹாசன்ஹைடேயில் தொடங்கிய மரபு, கூட்டமாகப் பயின்று நாட்டுக்கு உரம் சேர்ப்பது. பரிசுக்காகப் பிற நாட்டாரோடு ஆடுவது அதன் நோக்கத்தில் இல்லை. தடையை மீறிப் போய் வென்று திரும்பியவர்களைச் சங்கம் பாராட்டவில்லை, விலக்கி வைத்தது. பெல்ஜியத்தின் நிக்கோலாஸ் குப்பெரஸும் அதே உள்ளம் கொண்டவர். 1881இல் லியேஜ் நகரில் ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பை உருவாக்கியவர் அவர். விழாவை விரும்பினார், போட்டியை விரும்பவில்லை. கடைசியில் அவருடைய சொந்த ஊரான ஆன்ட்வெர்ப்பிலேயே 1903இல் பிரான்ஸ், பெல்ஜியம், லக்சம்பர்க், நெதர்லாந்து அணிகள் மோதிய பன்னாட்டுப் போட்டி நடந்தது. பிரான்ஸின் ஜோசப் மார்த்தினெஸ் வென்றார். பின்னால் அதுவே முதல் உலகப் போட்டி என்று எண்ணப்படலாயிற்று. குப்பெரஸ் கனவு கண்ட விழா எப்படி இருக்கும் என்று காண விரும்புகிறவர்கள் மகாசிவராத்திரியன்று சிதம்பரத்துக்கு வரலாம். 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலியில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட வருகிறார்கள். யாருக்கும் மதிப்பெண் இல்லை, முதலிடமும் இல்லை.

போட்டி நிலைத்தபின் ஜிம்னாஸ்டிக்ஸ் எந்தத் திசையில் நடந்தது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நடுவர்களின் கண்கள் ஒத்துப்போகவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கைப்பிடிக் குதிரையில் பின்லாந்து வீரர் மூவர் ஒரே மதிப்பெண்ணில் முதலிடத்தைப் பகிர்ந்தார்கள். அடுத்த ஆண்டே, 1949இல், மதிப்பெண் இடுவதற்கான புள்ளி விதிகளின் முதல் நூல் வந்தது. மெல்லிய நூல். பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் தடித்தது. அசைவுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன, எண்ணிடப்பட்டன, கோட்டுப் படமாக வரையப்பட்டன, பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்ந்தது. அதாவது, கட்டத்துக்குள் ஓர் உருவம், கூடவே அதன் இலக்கணம். மேலக்கோபுர வாசலில் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடு இதுவேதான். அசைவுகளைக் கோக்கும் முறைகூட ஒத்துப்போகிறது. ஆறு முதல் ஒன்பது கரணங்கள் சேர்ந்தால் ஓர் அங்கஹாரம், அப்படி 32 அங்கஹாரங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரும் தனி அசைவுகளை வேண்டிய எண்ணிக்கையில் கோத்துத்தான் ஒரு முழு ஆட்டத்தை அமைக்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மரபுகள், அசைவை எழுத்தாக்க முனைந்தபோது ஒரே வடிவத்தை வந்தடைந்திருக்கின்றன.

ஒத்த இடத்திலேயே பிரிவும் தொடங்குகிறது. புள்ளி நூல் ஒவ்வோர் அசைவுக்கும் கடினத்தின் தரம் குறிக்கிறது. நாட்டிய சாஸ்திரம் அப்படி எதுவும் குறிப்பதில்லை. கைகளில் மலர் ஏந்தும் எளிய தலபுஷ்பபுடமும் உடம்பைக் கவிழ்க்கும் கங்காவதரணமும் அதற்கு ஒரே மதிப்பு, ஒன்று முதலாவது, மற்றது நூற்றெட்டாவது, அவ்வளவே. பெயர் சூட்டுவதிலும் இரண்டும் தத்தம் பழைய குணத்தைக் காட்டுகின்றன. கரணங்களில் தேளும் மானும் மயிலும் சிங்கமும் கருடனும் பெயர் கொடுக்கின்றன. புள்ளி நூலில் மனிதர்கள்: யமஷிதா, ட்ஸுகஹாரா, டியாமிடோவ், தாமஸ். ஓர் அசைவைப் பன்னாட்டுப் போட்டியில் முதன்முதலாகச் செய்து காட்டியவரின் பெயரே அதற்கு ஒட்டிக்கொள்கிறது. வைன்கார்ட்னர் காலத்தில் அந்த வழக்கம் இருந்திருந்தால் அவர் கம்பியில் செய்த ஏதோ ஒன்று இன்றும் அவர் பெயரில் வழங்கியிருக்கும். ஏதென்ஸ் தன் பழைய குறையை அரை நூற்றாண்டு கழித்துச் சரிசெய்துகொண்டது. தில்லைப் பக்கத்துக் குறையை அப்படிச் சரிசெய்ய வழியில்லை. இன்று கரணங்களை மீட்டு ஆடுகிறவர்களின் பெயர் நமக்குத் தெரியும், சுவரில் இருப்பவள் பெயர் தெரியப்போவதில்லை.

கடைசியாக, பட்டியலின் நீளம். புள்ளி நூல் ஒவ்வோர் ஒலிம்பிக் சுழற்சிக்கும் திருத்தப்படுகிறது. புதிய அசைவு சேரும், பழையது மதிப்பிழக்கும்; சில சமயம் ஒரு போட்டியே மறையும். கயிறேறுதல் 1932க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. கரணப் பட்டியலோ 108இல் முடிந்த பட்டியல், அதில் கூட்டவும் குறைக்கவும் சிற்பிக்கு உரிமையில்லை. ஆனால் அதை முழுவதும் கல்லில் ஏற்றுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ராஜராஜனின் தஞ்சையில் 81 கரணங்கள் செதுக்கி முடிந்தன. மீதி 27க்கான கற்கள் செதுக்கப்படாமலே வரிசையில் இடம்பெற்றிருக்கின்றன. எந்தக் கல்லில் எந்தக் கரணம் வர வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. சாஸ்திரத்தைத் திறந்தால் பெயர் சொல்லிவிடலாம். சிதம்பரத்திலும், நம் மாவட்டத்து விருத்தாசலத்திலும், திருவண்ணாமலையிலும் பின்வந்த சிற்பிகள் அதே வேலையை மீண்டும் கையில் எடுத்தார்கள். கீரப்பாளையத்துக்காரர்களுக்கு இவற்றில் இரண்டு பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. இரண்டையும் பார்க்கிறவர்கள் லலாடதிலகத்தை முதலில் தேடட்டும். தூக்கிய கால் ஒவ்வொரு சுவரிலும் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.